பார்க்கவும் வைக்கவும் ஒரே சொல்

நாவலை விமர்சிக்கலாம், கவிதையை விமர்சிக்கலாம். கம்ப்யூட்டருக்கு இடுகிற ஒரு கட்டளையை எடுத்து வைத்துக்கொண்டு விமர்சனம் எழுதுவானேன் என்று நண்பர் ஒருவர் கேட்டார். எழுதக் கூடாது என்பதற்கு எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. அதையும் மனிதர்கள்தான் எழுதியிருக்கிறார்கள். நம் நாவல்களைப் படிப்பவர்களைவிட அதிகம் பேர் அதைப் படிக்கிறார்கள். மோசமான நாவலைப் படித்தால் ஓர் இரவு வீணாகும், அவ்வளவுதான். மோசமாக எழுதிய கட்டளையால் என்ன வீணாகும் என்பதைக் கள்ளக்குறிச்சியில் ஒரு கடையில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கட்டளையின் பெயர் 'டேட்'. யூனிக்ஸ் என்ற முறைமையிலும் அதன் வழியில் வந்த லினக்ஸிலும் உள்ளது. எழுத்து மட்டும் தெரியும் திரையில் அந்த ஒரு சொல்லை அடித்துப் பொத்தானைத் தட்டினால் கிழமை, மாதம், தேதி, மணி, நிமிஷம், விநாடி, வருஷம் எல்லாம் ஒரே வரியில் வந்து நிற்கும். அதே சொல்லுக்குப் பின்னால் சில இலக்கங்களைச் சேர்த்து அடித்தால் யந்திரத்தின் கடிகாரமே மாறிவிடும். பார்ப்பதற்கும் அதுதான், வைப்பதற்கும் அதுதான். இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடை கச்சிராயபாளையம் போகும் சாலையில் இருக்கிறது. ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் என்று மூன்றும் பலகையில் எழுதியிருக்கும். நான் கைப்பிரதி ஒன்றை அச்செடுக்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த ஓர் அம்மாள் பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மகளின் மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பாங்கு பாஸ் புத்தகம் மூன்றும் அந்தப் பைக்குள். மகளுக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பம் போட வேண்டும். கடைசித் தேதிக்கு இன்னும் இரண்டு நாள்தான் பாக்கி. ஊர் வெள்ளிமலைக்கும் அப்பால்.

விண்ணப்பப் பக்கம் திறக்கவில்லை. இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று திரை சொன்னது. கடைப் பையன் கெட்டிக்காரன். திரையின் மூலையைப் பார்த்தான். 2010, ஜனவரி 1 என்று இருந்தது. யந்திரத்துக்குள் நாணயம் போல ஒரு சின்னப் பாட்டரி உண்டு. மின்சாரம் இல்லாத நேரத்திலும் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருப்பது அதுதான். அது செத்துப்போனால் யந்திரம் விழிக்கும்போது ஏதோ ஒரு பழைய நாளில் விழிக்கும். இணையத்தில் கேட்டுத் தானாகவே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் வசதியும் உண்டு. அந்த யந்திரத்தில் அதை யாரோ எப்போதோ நிறுத்தி வைத்திருந்தார்கள். இணையதளங்கள் தம்மை இன்னார் என்று நிரூபிக்கக் காட்டும் சான்றிதழ்களில் 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை' என்று எழுதியிருக்கும். 2010-ல் நின்றுகொண்டு பார்க்கிற யந்திரத்துக்கு அந்தச் சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்காதவை. ஆகவே கதவைச் சாத்திவிடும்.

பையன் எழுத்துத் திரையைத் திறந்தான். 'டேட்' என்று அடித்து, அன்றைய தேதியையும் மணியையும் இலக்கங்களாகச் சேர்த்துத் தட்டினான். இரண்டு வரிகள் வந்தன. கீழ் வரியில் அன்றைய கிழமை, அன்றைய தேதி, அன்றைய வருஷம், எல்லாம் கச்சிதமாக இருந்தன.

"சரியாப் போச்சு சார்" என்றான் பையன். நானும் எட்டிப் பார்த்து, "ஆமாம், சரியாகிவிட்டது" என்றேன்.

பக்கம் அப்போதும் திறக்கவில்லை. இரண்டு தடவை, மூன்று தடவை தட்டிப் பார்த்தான்.

"நெட்டுலதாம்மா ஏதோ தகராறு. நாளைக்கு வாங்களேன்."

"நாளைக்கா? இன்னிக்குக் கூலிய விட்டுட்டுத்தான் தம்பி வந்திருக்கேன். மத்தியானத்துக்குள்ள ஆயிடும்னு பார்த்தேன்."

"என்னம்மா பண்றது, என் கையில இல்லியே."

அவள் பையின் வாயை முடிந்துகொண்டு பஸ்ஸுக்குப் போனாள். பக்கத்தில் வேறு கடை இருக்கிறது என்று அவளுக்குச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. நான் என் கைப்பிரதியை அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இரவு சாப்பிடும்போதுதான் அந்த மேல் வரி ஞாபகத்துக்கு வந்தது.

மேல் வரி சொன்னது இதுதான்: தேதியை வைக்க முடியவில்லை, அதற்கு உனக்கு அனுமதி இல்லை. கடிகாரத்தை மாற்ற யந்திரத்தின் முழு அதிகாரம் பெற்றவரால்தான் முடியும். பையன் சாதாரண உபயோகிப்பாளனாக நுழைந்திருந்தான். கட்டளை அதை ஒழுங்காக மறுத்துவிட்டது. மறுத்துவிட்டு, அடுத்த வரியில், அவன் கேட்ட தேதியையே அழகாக அச்சிட்டுக் காட்டியது! வைக்கப்படாத தேதி, வைக்கப்பட்டது போல. வீட்டில் என் பழைய மடிக்கணினியிலும் செய்து பார்த்தேன். அதே இரண்டு வரிகள்.

இதற்குச் சமாதானம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நீ அடித்ததை யந்திரம் எப்படிப் புரிந்துகொண்டது என்று காட்டுவதற்காகத்தான் அந்த இரண்டாம் வரி. தவிர, பிழையும் விடையும் வெவ்வேறு வாய்க்கால்கள் வழியாக வருகின்றன, இரண்டையும் கலந்து படித்தது உன் தப்பு என்பார்கள். வாய்க்கால் இரண்டாக இருக்கலாம். வந்து விழுகிற வயல் ஒன்றுதானே? திரை ஒன்று, கண் ஒன்று, அவசரமும் ஒன்று. மனிதன் கடைசி வரியைத்தான் படிப்பான். எழுதத் தெரிந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஒரு மறுப்பைச் சொல்லிவிட்டு அத்தியாயத்தைச் சம்மதம் போல முடிக்கிற ஆசிரியனை நான் மன்னிக்க மாட்டேன். ஆனால் வரிகளைப் படிப்பதையே தொழிலாகக் கொண்ட நான், பக்கத்தில் நின்று, பாதி படித்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று சாட்சி சொன்னேனே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் மூலம் நான் முதலில் சொன்ன சங்கதிதான். தமிழில் நாம் மணி பார்க்கிறோம், மணி வைக்கிறோம். வினை வேறு வேறு. 'மணி' என்று மட்டும் சொன்னால் யாரும் போய்க் கடிகாரத்தின் முள்ளைத் திருப்ப மாட்டார்கள். 'டேட்' என்ற கட்டளையில் பெயர் உண்டு, வினை இல்லை. பின்னால் இலக்கம் வந்தால் வை, வராவிட்டால் காட்டு என்று யந்திரமே ஊகித்துக்கொள்கிறது. சிக்கனம் என்று இதைப் புகழலாம். பிறந்த காலத்தை நினைத்தால் ஓரளவு மன்னிக்கவும் செய்யலாம். அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை உருவாக்கியபோது, 1971 நவம்பர் 3 தேதியிட்ட முதல் கையேட்டிலேயே இந்தக் கட்டளை இருக்கிறது. ஓர் எழுத்தை அடித்தால் அது காகிதத்தில் கடகடவென்று அச்சாகி வருகிற தட்டச்சு யந்திரத்தில் உட்கார்ந்து எழுதியவர்கள் அவர்கள். ஒரு சொல் மிச்சமானால் உண்மையிலேயே மிச்சம்தான்.

அந்தக் கையேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம். பல பக்கங்களில் 'குற்றங்கள்' என்று ஒரு பகுதி. இதில் இன்ன இன்ன பிழை இருக்கிறது என்று எழுதியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். தன் நாவலின் கடைசிப் பக்கத்தில் இப்படி ஒரு பகுதி சேர்த்த ஆசிரியனை நான் இதுவரை சந்தித்ததில்லை. அப்போது அவர்கள் காலத்தை விநாடியில் அறுபதில் ஒரு பங்காக எண்ணினார்கள். அந்த எண்ணிக்கை இரண்டரை வருஷம்கூடத் தாங்காது, நிரம்பி வழிந்துவிடும். பிற்பாடு முழு விநாடியாக எண்ணத் தொடங்கி, 1970 ஜனவரி 1-ஐத் தொடக்கமாக நிலைநாட்டினார்கள்.

தேதியை வைக்கும் இலக்க வரிசைதான் அடுத்த குறை. 2025-ம் வருஷம் பொங்கலன்று காலை ஆறரை மணியை வைக்க வேண்டும் என்றால் 011406302025 என்று அடிக்க வேண்டும். மாதம், தேதி, மணி, நிமிஷம், அப்புறம் வருஷம்! பெரியதிலிருந்து சிறியதற்கும் இறங்கவில்லை, சிறியதிலிருந்து பெரியதற்கும் ஏறவில்லை. பாதி தூரம் இறங்கிவிட்டுத் திடீரென்று மாடிக்குத் தாவுகிறது. காரணம் சரித்திரத்தில் இருக்கிறது. 1971-ல் வருஷத்தைச் சொல்ல இடமே வைக்கவில்லை. மாதம், தேதி, மணி, நிமிஷத்தோடு சரி. பிறகு வருஷமும் வேண்டும் என்றபோது, பழைய வாசகர்களின் பழக்கத்தைக் கெடுக்காமல் வாலில் ஒட்டினார்கள். தொடர்கதை எழுதியவனுக்கு இந்தச் சங்கடம் தெரியும். நாலாவது வாரம் செத்துப்போன பாத்திரம் பதினெட்டாவது வாரம் தேவைப்படும்போது நாமும் இப்படித்தான் எதையாவது ஒட்டுகிறோம். ஆனால் நம் ஊரில் தேதியை முன்னால் எழுதி மாதத்தைப் பின்னால் எழுதிப் பழகிய கை, ஏப்ரல் 5 என்று நினைத்து 0504 என்று அடித்தால் யந்திரம் முணுமுணுக்காமல் மே 4-க்குப் போய்விடும். அது பிழை என்று சொல்லவும் அதற்கு வழி இல்லை.

இவ்வளவு குறை சொல்லியும் இந்தக் கட்டளையை மட்டமான படைப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வைக்கிற பாதியில் எவ்வளவு தடுமாறுகிறதோ, காட்டுகிற பாதியில் அவ்வளவு மேதைமை இருக்கிறது. முள் வைத்த கடிகாரங்களில் நேரமும் அதைக் காட்டும் முகமும் ஒன்றுதான்; முள்ளைத் திருப்பினால் நேரமே திரும்பியது. இதில் உள்ளே இருப்பது வெறும் எண்ணிக்கை, 1970-லிருந்து எத்தனை விநாடி என்று. அதற்கு ஊர் இல்லை, மொழி இல்லை. எந்த ஊருக்கு, எந்த வடிவத்தில் என்று நாம் கேட்கும்போதுதான் அது மணியாகவும் கிழமையாகவும் மாறுகிறது. சதவீதக் குறி போட்டு ஓர் எழுத்தைச் சேர்த்தால் கிழமை மட்டும் வரும். இன்னோர் எழுத்துக்கு வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது வரும். இருப்பது ஒன்று, சொல்லும் விதம் பல. கதைக்கும் கதை சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள எனக்கு இருபது வருஷம் ஆயிற்று.

எண்ணிக்கையை ஊர் நேரமாக மாற்றுவதற்கு யந்திரம் பக்கத்தில் ஒரு பெரிய பதிவேட்டை வைத்துக்கொண்டிருக்கிறது. ஆர்தர் டேவிட் ஓல்ஸன் என்பவர் 1980-களில் தொடங்கி வைத்து, பால் எக்கர்ட் போன்றவர்கள் பல வருஷங்களாகப் பராமரித்து வரும் பதிவேடு அது. எந்த ஊரில் எந்த வருஷம் எந்த நேரம் வழங்கிற்று என்று அதில் எழுதியிருக்கிறது. இந்தியாவுக்கான பக்கத்தின் பெயர் 'ஆசியா, கொல்கத்தா'. அந்தப் பக்கத்தின்படி 1905-ம் வருஷத்து நாள் ஒன்றைக் காட்டச் சொன்னேன். ஒரு புதையல் கிடைத்தது. நேரத்துக்குப் பக்கத்தில் இப்போது வழக்கமாக வரும் மூன்று எழுத்து இல்லை. வேறு மூன்று எழுத்து. எம்.எம்.டி. மெட்ராஸ் சராசரி நேரம்! கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் 10 விநாடி முந்தியது.

நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் கட்டிய வான ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பிறந்த நேரம் இது. பிற்பாடு ரயில்கள் தேசம் முழுவதும் இந்த மெட்ராஸ் நேரத்தில்தான் ஓடின. 1906 ஜனவரி 1-ல் இந்திய நேரம் என்று ஐந்தரை மணிக் கணக்கு வந்தது. கல்கத்தாக்காரர்களோ தங்கள் சொந்த நேரத்தை 1948 வரை விடவில்லை. ஆகவே கல்கத்தாவின் பெயரில் மெட்ராஸ் நேரத்தை எழுதி வைத்திருப்பது சரித்திரப்படி சரியல்ல. ஆனாலும் சென்னைக்கென்று தனிப் பக்கம் இல்லாத ஏட்டுக்குள் சென்னை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்ததும், 1945 அக்டோபர் 15-ல் திருப்பி வைத்ததும் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் பிறந்தவர்களுக்கு ஜாதகம் கணிக்கிற ஜோசியர் ஒரு மணியைக் கழிக்க வேண்டும். யந்திரம் அதைத் தானாகவே கழித்துக்கொள்கிறது.

உண்மையில் சூரியனைக் கேட்டால் கள்ளக்குறிச்சிக்கு இந்திய நேரமும் சொந்தமில்லை, மெட்ராஸ் நேரமும் சொந்தமில்லை. இந்திய நேரம் அலகாபாத் பக்கமாகப் போகும் 82½ பாகைக் கோட்டின் நேரம். கள்ளக்குறிச்சி ஏறக்குறைய 79-ல் இருக்கிறது. பாகைக்கு நாலு நிமிஷம் என்று கணக்குப் போட்டால், இங்கே உச்சிவெயில் சராசரியாக 12 மணி 14 நிமிஷத்துக்குத்தான். மேற்கே கல்வராயன் மலையில் அதற்கும் சற்றுப் பிந்தி. மலையில் இருப்பவர்களுக்கு எதுவும் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது.

எண்ணிக்கை வேறு, முகம் வேறு என்ற இந்த அருமையான பிரிவினையைச் சாதாரண உபயோகிப்பாளருக்குக் கட்டளை சொல்லித் தருகிறதா என்றால், இல்லை. ஒரே மடிக்கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் வைத்திருக்கும் மாணவர்கள் பலர். பாட்டரிக் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எண்ணிக்கொள்கிறது. உலக நேரம் என்று லினக்ஸ் எண்ணிக்கொள்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறினால் காலை 11 மணி மாலை நாலரையாகிவிடுகிறது. பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? 'டேட்' போட்டு ஐந்தரை மணியைப் பின்னால் இழுக்கிறார்கள். இப்போது முகமும் சரி, எண்ணிக்கையும் சரி; பாட்டரிக் கடிகாரத்தைப் பற்றிய எண்ணம்தான் இன்னும் தப்பு. மறுபடி அந்தப் பக்கம் போய்வந்தால் பழைய கோணலே. மருந்து வேறு இடத்தில் இருக்கிறது, புண் வேறு இடத்தில் இருக்கிறது. இதற்கெல்லாம் பின்னால் வந்த 'டைம்டேட்சிடிஎல்' என்ற கட்டளையில் நேரம் வை, ஊர் வை என்று வினைகள் தனித்தனியாக இருக்கின்றன. தானாகச் சரிசெய்யும் வசதி ஓடிக்கொண்டிருக்கும்போது கையால் வைக்கப் போனால், முடியாது என்று சொல்லி அங்கேயே நிறுத்திக்கொள்கிறது. ஒழுக்கமான படைப்பு. பெயரைத்தான் வாயில் வைக்க முடியவில்லை.

தமிழில் காட்டச் சொன்னால் இந்தக் கட்டளை தமிழிலும் காட்டும். கிழமையும் மாதமும் தமிழ் எழுத்தில் வரும். ஆனால் பன்னிரண்டு மணிக் கணக்கில் கேட்டால் லினக்ஸின் தமிழ்க் கோப்பில் இருப்பவை இரண்டே சொற்கள், 'காலை', 'மாலை'. நடுநிசி ஒரு மணியும் காலை, உச்சிவெயில் ஒரு மணியும் மாலை. ஒரு நாளை ஆறு பொழுதாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மனநிலையையும் கண்டுபிடித்து வைத்த மொழிக்கு இது அநியாயம். இங்கிலீஷின் இரண்டு பெட்டிகளுக்குப் பொருத்தமாக நம்மிடமிருந்து இரண்டு சொல்லைத் தேடி அடைத்திருக்கிறார்கள். இந்தக் குற்றம் கட்டளையைச் செய்தவர்களுடையது அல்ல, மொழிபெயர்த்த நம்முடையது.

எண்ணிக்கை பூஜ்யமாக இருந்த கணத்தை இந்திய நேரத்தில் காட்டச் சொன்னால் 1970 ஜனவரி 1, காலை ஐந்தரை மணி என்று வருகிறது. பாட்டரிக் கடிகாரமே இல்லாத சிறு யந்திரங்கள் பல அந்த விடியற்காலையில்தான் கண் விழிக்கின்றன. அந்த விடியற்காலையில் கல்வராயன் மலை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. நாடு சுதந்திரமடைந்து 22 வருஷம் கழிந்திருந்தது. மலை ஜாகிர் முறையிலிருந்து விடுபட்டது 1976-ல்தான். யந்திரத்தின் காலம் பிறந்த பிறகும் ஆறு வருஷம் காத்திருந்திருக்கிறது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-ல். பாட்டரி செத்த யந்திரத்தில் 2010 என்று பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது; அந்த அம்மாளுக்கு வந்திருக்காது. அரசாங்கக் காகிதத்தில் ஒரு தேதி தவறினால் எத்தனை தடவை மலை இறங்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் கடைக்குப் போய்ப் பையனிடம் மேல் வரியைச் சொன்னேன். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். முழு அதிகாரத்தோடு நுழைந்து மறுபடி அடித்தான். ஒரே ஒரு வரி வந்தது, பக்கமும் திறந்துகொண்டது. அம்மாளின் போன் நம்பரை வாங்கி வைக்கவில்லை என்றான். நான் ஒரு காகிதத்தில் மாதம், தேதி, மணி, நிமிஷம், வருஷம் என்று வரிசையாக எழுதித் திரையின் மேல் ஒட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் காலையில் யந்திரம் மறுபடி 2010-ல் விழித்ததாம். அதுவும் நியாயம்தான். 'டேட்' மாற்றுவது ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்தை. உள்ளே உறங்கும் பாட்டரிக் கடிகாரம் வேறு, அதற்குக் கட்டளையும் வேறு. பாட்டரியே செத்த பிறகு எந்தக் கட்டளை போட்டு என்ன? பையன் கடைவீதியில் புதுப் பாட்டரி வாங்கிப் போட்டான். தானாகச் சரிசெய்யும் வசதியையும் திருப்பிவிட்டான்.

அந்த அம்மாள் ஒரு வாரம் கழித்துத்தான் வந்தாளாம், கடைசித் தேதி போன பிறகு. ஆனால் அதற்குள் கடைசித் தேதியைப் பதினைந்து நாள் தள்ளி வைத்து அறிவிப்பு வந்திருந்தது. விண்ணப்பம் போய்விட்டது. ஒப்புகைச் சீட்டை வாங்கி, அதில் அச்சாகியிருந்த தேதியைப் பையனிடம் இரண்டு தடவை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டு போனாளாம்.